சூடு தெரியாத இடம்

திருப்பூரில் இடுப்பு பிடித்துக்கொண்டால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, அயர்ன் டேபிளுக்குப் போவார்கள். கட்டிங் வேஸ்ட்டில் கெட்டியான இன்டர்லாக் துணியாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, நாலாக மடித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, மேலே அயர்ன் பெட்டியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் ஒத்தடம் தயார். டைலர்களுக்குக் கழுத்து, பேக்கிங்காரர்களுக்குத் தோள், மாதத்தில் அந்த நாட்களில் பெண்களுக்கு அடிவயிறு, எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான் வைத்தியம். எங்கள் கம்பெனியில் இதில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர் அயர்ன் மாஸ்டர் காசிமாயன். அவர் என் புருஷன். மாமன் மகனும்கூட.

நான் ஒச்சம்மாள். அதே கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் இருவரும் பஸ் ஏறி வந்தவர்கள்தான். ஒரே மகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இப்போது கட்டிக்கொடுத்துத் தேனியில் இருக்கிறாள். நாங்கள் மட்டும் போயம்பாளையத்து லைன் வீட்டிலேயே தங்கிவிட்டோம்.

செக்கிங் என்பது குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் வேலை. என் நாக்குக்கு ஏற்ற வேலை என்று மாமா சொல்வார். பனியனை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, அயர்ன் மார்க் எல்லாம் எனக்குப் பளிச்சென்று தெரியும். தெரிந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தூர வைத்துவிடுவேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. என் மார்பில் இருந்த கட்டி மட்டும் நெல்லிக்காய் அளவு ஆகும்வரை தப்பிவிட்டது.

இரண்டாயிரத்து ஐந்தில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இடது மார்பை எடுத்தார்கள். பிறகு கீமோ. நோய் பரவவில்லை, பிழைத்துக்கொண்டேன். கொட்டின முடி ஆறு மாதத்தில் திரும்பி வந்தது. மார்பு வரவில்லை.

திருப்பூரில் துணிக்கா பஞ்சம்? இன்டர்லாக் வேஸ்ட்டை உருட்டி உள்ளே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். நடக்கும்போது ஒன்றும் தெரியாது. பீஸைத் தூக்கிப் பிடிக்கக் கையை உயர்த்தினால் அந்த உருண்டை மெதுவாக மேலே ஏறும். ஒருநாள் வெளிநாட்டுக்கு பனியன் வாங்கும் பையரின் ஆள் ஒருவர் என்னிடம் ஏதோ அளவு கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வியின் நடுவில் அவர் கண் என் கழுத்தெலும்புப் பக்கம் வந்தது. வந்த வேகத்தில் ஃபேனைப் பார்க்கப் போய்விட்டது. நல்ல மனுஷன், அதனால்தான் ஃபேனைப் பார்த்தார். முறைத்துப் பார்த்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவர் அப்படிப் பார்வையைத் திருப்பிக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு மணி அடித்தும் நான் பாத்ரூமை விட்டு வெளியே வரவில்லை.

கட்டி எடுத்த டாக்டரிடம் அடுத்த முறை போனபோது, மார்பைத் திரும்ப வைக்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். அதே ஆஸ்பத்திரியில் ராபின் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் வந்திருப்பதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் சோற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"எனக்கு இது ஒரு கொறையா புள்ள? நான் என்னைக்காச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

"ஒனக்கு வேணுமான்னு யாரு மாமா கேட்டா? எனக்கு வேணும்."

அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தார். மறுநாள், ஊரில் நாங்கள் வாங்கிப் போட்டிருந்த மனைக்கு ஆள் பார்க்கச் சொல்லித் தம்பிக்குப் போன் போட்டார். அவர் அப்படித்தான். வாய் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை வேலையை முடித்துவிடும்.

வீட்டுக்காரம்மா மருதாளுக்கு விஷயம் எப்படித்தான் போனதோ, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னை நிறுத்திக்கொண்டார்.

"ஏன் கண்ணு, நோவு போயி உசுரு மிஞ்சுனதே பெருசு. துணிக்குள்ளார இருக்கறது ஆருக்குத் தெரியப் போகுது? இந்த வயசுல இதெல்லாம் எதுக்குங்கறேன்."

"எனக்குத் தெரியுதுங்களே அக்கா," என்றேன்.

ராபின் டாக்டர் சின்ன வயதுக்காரர். நாகர்கோவில் பக்கம். அவசரப்படாமல் பேசினார். முதலில் தோலுக்கும் தசைக்கும் அடியில் காலிப் பை ஒன்றை வைப்பாராம். பிறகு போகும்போதெல்லாம் ஊசி மூலம் அதில் உப்புத் தண்ணீர் ஏற்றுவார். தோல் கொஞ்சம் கொஞ்சமாக இளகி இடம் கொடுத்ததும், பையை எடுத்துவிட்டு சிலிக்கானை வைப்பார். நல்லதை மட்டும் சொல்லி அவர் என்னை ஏமாற்றவில்லை.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி அமையாதும்மா. சிலருக்குச் சீழ் பிடிக்கும். சிலருக்குச் சுத்தி இறுகி, கல்லு மாதிரி ஆகும். சிலருக்குத் தோல் தாங்காது. அப்படியானா எடுத்துடணும், வேற வழி இல்லை. இன்னொண்ணு, அந்த இடத்துல தொட்டா உங்களுக்குத் தெரியாது. பாக்கத்தான் மார்பு. உணர்ச்சி வராது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தொட்டால் தெரியாது என்பதை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையைத் தூக்கினால் நகராமல் இருந்தால் போதும் என்றுதான் இருந்தேன்.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. சிலிக்கான் வைத்துத் தையல் ஆறி வேலைக்குத் திரும்பிய அன்று டியூப் லைட்டுக்கு நேராக இரண்டு கையையும் தூக்கினேன். வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. அன்றைக்குத் தேவையே இல்லாமல் எல்லாப் பீஸையும் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். செக்கிங் லைனில் இருந்த பிள்ளைகள், அக்காவுக்கு இன்றைக்கு என்ன ஆச்சு என்று தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். எனக்கும் சிரிப்புத்தான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

மார்கழிக் குளிர் வந்தது. வைத்த இடத்தைச் சுற்றி, இறுக்கி நாடா கட்டியதுபோல உள்ளுக்குள்ளே ஒரு பிடிப்பும் வலியும் தொடங்கின. மாமா கம்பெனியில் கழித்துக் கட்டியதை வாங்கி வந்து வீட்டில் வைத்திருந்த பழைய அயர்ன் பெட்டியை எடுத்தார். இன்டர்லாக் துணியை மடித்தார், தண்ணீர் தெளித்தார், அழுத்தினார். துணியைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "பதமாத்தேன் இருக்கு," என்றார். பிறகு என் மார்புக்குக் கீழே வைத்துக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த உள்ளங்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆவி பறந்துகொண்டிருக்கும் காலருக்குள் விரலை விட்டு மடிப்பு எடுக்கிற கை அது. அடுப்பில் கொதிக்கும் சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் இறக்கி வைக்கும். அந்தக் கைக்கு எது பதம், எது சூடு?

"தெரியுதா புள்ள?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. இன்னுங் கொஞ்சம் சூடா வை."

வலி இரண்டாம் நாளே போய்விட்டது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்து, முகம் கழுவி, அவர் துணியை மடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அவர் கை அங்கே இருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் பழகிய கை. சூடு கொஞ்சம் ஏறினால் சூட்டோடு கையும் தெரிந்துவிடும் என்று ஒரு ஆசை. அவர் ஒவ்வொரு தடவையும் தெரியுதா என்று கேட்டார். நான் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் என்றேன்.

ஒருநாள் ஒத்தடத் துணியை எடுத்தவர் சட்டென்று எழுந்துவிட்டார். மறுநாள், "பெட்டியில காயில் போயிருச்சு புள்ள," என்றார். வேறு பெட்டி கொண்டு வந்தால் என்ன என்று கேட்டேன், துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. இதற்குள் அலுத்துவிட்டதா என்று முணுமுணுத்தேன். அலமாரி மேல் இருந்த பெட்டியையும் காணவில்லை. ரிப்பேருக்குப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தேன். மார்புக்கு அடியில், குனிந்து பார்த்தால் தெரியாத இடம். சிவந்து, இரண்டு கொப்புளம். சிவப்பின் ஒரு ஓரம் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. அந்தக் கோடு முடிகிற இடத்தில் ஒரு முனை திரும்பியிருந்தது. உடம்பில் தானாக வரும் புண்ணுக்கு நேர்கோடு கிடையாது. நாலாக மடித்த துணிக்குத்தான் அப்படி ஒரு ஓரமும் முனையும் உண்டு.

எத்தனை ஆயிரம் அயர்ன் மார்க்குக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன். எனக்குத் தெரியாதா?

தண்ணீர் மக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். புண்ணைப் பற்றி வந்த பயத்தைவிட மாமாவை நினைத்து வந்த பயம் பெரிதாக இருந்தது. மகள் நடை பழகிய காலத்தில், இவர் கீழே வைத்திருந்த டீ கிளாஸை இழுத்துத் தன் காலில் கொட்டிக்கொண்டாள். கொப்புளம் ஆறி, தழும்பு மறைந்து, அவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. மனுஷன் இன்றுவரை டீ கிளாஸைத் தரையில் வைக்க மாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் குடித்து முடிக்கிறவரை கையிலேயே பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு கிளாஸ் டீக்கே இப்படி என்றால் இது தெரிந்தால் என்ன ஆவார்?

அதனால் நான் சொல்லவில்லை. மெடிக்கலில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டேன். ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. கொப்புளம் உடைந்து, தோல் கறுத்து, நீர் வைத்து, அந்த நேர்கோடு இருந்த இடமே தெரியாமல் போனது. காய்ச்சல் வந்த பிறகுதான் கோயம்புத்தூர் பஸ் ஏறினோம்.

புண் மேல் நான் போட்டிருந்த கட்டைப் பிரித்ததும் ராபின் டாக்டரின் முகம் மாறியது. கறுத்த தோல் விலகிய இடத்தில், உள்ளே வைத்தது கண்ணாடி மாதிரி எட்டிப் பார்த்தது.

"இங்க அடி ஏதாவது பட்டுதா? சூடு ஏதாவது?"

மாமா சுவர் ஓரமாக நின்றிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"இல்லைங்க சார். ஒண்ணும் படல."

"மெல்லிசான தோல், கீமோ எடுத்த உடம்பு. ரத்த ஓட்டம் பத்தாமப் போயிருக்கும். எடுத்துடலாம்மா. வேற வழி இல்லை. ஆறட்டும், அப்புறம் பாப்போம்."

எடுத்தார்கள். முன்பு தட்டையாகவாவது இருந்த இடம் இப்போது சுருங்கிக் குழிந்திருந்தது. கட்டுப் பிரித்த அன்று வாய்விட்டு அழுதேன். எனக்குக் கேன்சர் என்று சொன்ன நாளில்கூட அப்படி அழவில்லை. மருதாளக்கா பார்க்க வந்து, "நாந்தான் அப்பவே சொன்னனே கண்ணு," என்றார். ரசம் வைத்துக் கொண்டு வந்திருந்தார், நல்ல ரசம். அதனால் ஒன்றும் சொல்லாமல் விட்டேன்.

மாமா சமைத்தார், துவைத்தார், பக்கெட்டில் தண்ணீர் எடுத்து வைத்தார். எல்லாம் செய்தார். ஆனால் என் மேல் அவர் கை படவில்லை. மாத்திரையைக்கூட என் கையில் கொடுக்காமல் பாட்டில் மூடியில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பாயைத் தள்ளிப் போட்டுப் படுத்தார். வாரங்கள் போய், மாதங்களும் போயின. இந்தக் குழியைப் பார்த்து அருவருத்துவிட்டார் என்று முடிவு செய்தேன். கம்பெனியில் மேனேஜரையே நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கிறவள் நான். இதைக் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எங்கே போவது? பழையபடி இன்டர்லாக் உருண்டையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பீஸை முகத்துக்கு நேராக வைத்துப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

சித்திரை வெயிலில் மறுபடியும் ராபின் டாக்டரிடம் போனோம். தோலைக் கிள்ளிப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார்.

"நல்லா ஆறியிருக்கு."

"மறுபடியும் வைக்கலாமா சார்?"

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார். "வேண்டாம்னுதான் சொல்லுவேன். காரணமே இல்லாம விட்ட தோல். அடியில திரும்பவும் வச்சா திரும்பவும் விடும். வேணும்னா முதுகுத் தசையைத் தோலோட எடுத்து முன்னாடி கொண்டு வந்து, அதுக்குள்ள வைக்கலாம். பெரிய ஆபரேஷன். கையைத் தூக்கி வேலை பாக்கறவங்க நீங்க. தோள்ல பலம் கொஞ்சம் குறையலாம். அதனால யோசிங்க."

காரணம் இருக்கிறது சார், சுட்டது. இந்த ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் எனக்கு வழி திறந்துவிடும். நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் மாமா மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதக்கணக்கில் என்னைத் தொடாத மனுஷன். இருந்தாலும் நான் வேண்டும் என்று சொன்ன மறுநாளே மனையை விற்கப் போன் போட்ட மனுஷன். மார்பா, இவரா என்றால் நான் மட்டும் யோசிக்கவா முடியும்?

"சரிங்க சார். வேணாம் விடுங்க," என்று எழுந்தேன்.

மாமா எழவில்லை.

"டாக்டர், காரணம் இருக்கு," என்றார். "நாந்தேன் சுட்டேன்."

ராபின் டாக்டர் அவரைப் பார்த்தார். மாமா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அயர்ன் பெட்டியில துணியச் சூடு பண்ணி ஒத்தடம் வச்சேன். இவ வேணாம்னுதேன் சொன்னா. நாந்தேன் கேக்காம வச்சேன். தோலு மேல தப்பு இல்லைங்க. அவளுக்கு வச்சு விடுங்க."

"பொய் சொல்லாத மாமா. நான் எப்ப வேணாம்னேன்? இன்னும் சூடா வையின்னு கேட்டதே நாந்தேன்."

"நீ சும்மா இரு புள்ள."

"நீ சும்மா இரு."

டாக்டர் எங்கள் சண்டை முடிகிறவரை பொறுத்திருந்தார். பிறகு எந்த இடத்தில், எவ்வளவு நேரம், ஈரத் துணியா காய்ந்த துணியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். திட்டவில்லை.

"உணர்ச்சி இருக்காதுன்னு சொன்னேன். சூடு வைக்கக் கூடாதுன்னு சொன்னேனான்னு எனக்கே ஞாபகம் இல்லை. வெந்நீர்ப் பை வச்சுச் சுட்டுக்கிட்டவங்களைப் பாத்திருக்கேன். அயர்ன் பெட்டியை நான் நெனச்சே பாக்கலை." என் ஃபைலைத் திரும்பப் புரட்டினார். "அப்படீன்னா கதை வேற. சுட்ட இடம் போக மிச்சத் தோல் நல்லாத்தான் இருக்கு. இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம். ஆனா ஒரு தடவை கெட்ட இடம்மா, முதல் தடவை மாதிரி தைரியமாச் சொல்ல மாட்டேன்."

"முயற்சி பண்ணுங்க சார்," என்றேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பஸ் கோயம்புத்தூரைத் தாண்டியது. பிறகு நானே கேட்டேன்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"அன்னைக்குத் துணிய எடுக்கையிலேயே. ஓரம் நேர்கோடா செவந்து கெடந்துச்சு. நான் பாக்காத மார்க்கா?"

"அப்ப காயில் போனது?"

"காயிலு நல்லாத்தேன் இருந்துச்சு. பெட்டிய இரும்புக் கடையில போட்டுட்டேன்."

"வாயத் தெறந்து சொன்னா என்ன?"

"ஒனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தானா ஆறிப் போச்சுன்னா தெரியாமலே போகட்டும்னு இருந்தேன். டாக்டர் கேட்டப்ப ஒண்ணும் படலன்னு சொன்ன பாரு, அப்பத்தேன் புரிஞ்சுச்சு. தெரியாதவளா இருந்தா, ஒத்தடம் வச்சோம்னு நீயே சொல்லியிருப்ப. எனக்காக மறைக்கிற. அதுக்கப்பறம் இந்தக் கைய எப்படி ஒம்மேல வைக்க?"

குழியைப் பார்த்து அருவருத்தவர் என்று நான் எத்தனை மாதம் இவரை மனதுக்குள் வைத்துத் திட்டியிருக்கிறேன். அதைச் சொன்னேன். அவர் நான் வேற்று பாஷை பேசுகிற மாதிரி என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு நிஜமான கோபம் வந்தது. பஸ் அவிநாசி தாண்டும்வரை திட்டினேன். முன் சீட்டு அம்மா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மாமா பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். இறங்குகிற இடம் வந்தபோது அவர் முகத்தில், வெகுநாள் காணாமல் போயிருந்த ஒரு அசட்டுச் சிரிப்பு இருந்தது.

மறுபடியும் பை, மறுபடியும் ஊசி, மறுபடியும் உப்புத் தண்ணீர். தீபாவளி கழிந்து சிலிக்கான் வைத்தார்கள். இந்தத் தடவை சுற்றிலும் கொஞ்சம் இறுகித்தான் ஆறியிருக்கிறது. வலதைவிட ஒரு விரல் மேலே நிற்கிறது. சுட்ட இடத்தில் தோல் சுருங்கி ஒரு வரி இருக்கிறது. செக்கிங் கண்ணோடு பார்த்தால் பிரித்துத் திருத்தித் தைக்க ஆல்ட்டருக்குப் போக வேண்டிய பீஸ். நான் பாஸ் போட்டுவிட்டேன். இனிமேல் என்ன ஆகும் என்று ராபின் டாக்டராலும் சொல்ல முடியாது. இன்றைக்கு இருக்கிறது, கையைத் தூக்கினால் நகர்வதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் மாமாவுக்குப் பயம் போகவில்லை. எனக்குக் கொடுக்கிற காப்பியை முதலில் தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தந்தார். உள்ளங்கையை அவர் நம்புவதை விட்டுவிட்டார். பாய் மட்டும் பழைய இடத்துக்கு வந்திருந்தது.

தையல் எல்லாம் ஆறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மருதாளக்கா யாரிடமோ தண்ணீர் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து அங்கே வைத்தேன். அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார், நான் விடவில்லை. காய்ப்பு ஏறின அந்தக் கை முதலில் விறைத்துக்கொண்டு நின்றது, பிறகு மெதுவாகப் படிந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியுதா புள்ள?" என்றார்.

"தெரியல மாமா," என்றேன். "கைய எடுக்காத."